நாயின் குளியலை ஞாயிற்றுக்கிழமை தீர்மானிக்கலாமா?

நாய் வளர்க்கும் பல வீடுகளில் எழுதப்படாத ஒரு விதி இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாய்க்குக் குளியல். அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள்; மொட்டை மாடியில் நல்ல வெயில் இருக்கும்; ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னொருவர் தேய்த்துவிடலாம். வளர்ப்பது ராஜபாளையமா, லாப்ரடாரா, ஷிட்சூவா என்பதைப் பொறுத்து அந்தக் கிழமை மாறுவதில்லை; பல வீடுகளில் ஷாம்புவும் மாறுவதில்லை. ‘கூழானாலும் குளித்துக் குடி’ என்று கேட்டு வளர்ந்த சமூகம் நாம். அன்றாடக் குளியலைச் சுத்தத்தின் முதல் அடையாளமாகக் கொண்டவர்கள், தங்கள் பொறுப்பில் இருக்கும் உயிரையும் அப்படியே வைத்துக்கொள்ள நினைப்பது இயல்பு. அதன் பின்னால் இருப்பது அக்கறைதான். ஆனால், அந்த அக்கறை தவறான கணக்கில் செலவாகிறது என்பதே என் வாதம். எத்தனை நாளுக்கு ஒருமுறை நாயைக் குளிப்பாட்டுவது என்ற கேள்விக்கு எல்லா நாய்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. அந்த நாயின் ரோமம் எப்படிப்பட்டது, தோல் எந்த நிலையில் இருக்கிறது, இப்போது அதற்கு ஏதேனும் நோய் உண்டா என்ற மூன்றையும் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். அப்படிப் பார்த்தால் பல நாய்களுக்குக் குளியல் இப்போதைவிடக் குறையும். சில நாய்களுக்குக் கூடும்.

மனிதர் ஏன் குளிக்கிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். நம் உடல் முழுவதும் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வெயிலில் நடந்தால் வியர்வை வழிகிறது, உப்பு படிகிறது, நுண்ணுயிர்கள் அதில் பெருகி நாற்றம் எழுகிறது. அதைக் கழுவவே குளிக்கிறோம். நாயின் உடல் அப்படி அமையவில்லை. நம்முடையதைப் போல நீராக வியர்க்கும் சுரப்பிகள் அதற்குப் பாதத்தின் அடிப்பகுதியில்தான் இருக்கின்றன. உடல் சூட்டை அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத் தணித்துக்கொள்கிறது. மற்றபடி அதன் தோல் முழுக்க ரோமக்கால்களை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் வேலை செய்கின்றன. அவை சுரக்கும் கொழுப்பு தோலின் மீதும் ரோமத்தின் மீதும் மெல்லிய படலமாகப் பரவுகிறது. வெளியிலிருந்து வரும் தண்ணீரும் அழுக்கும் உள்ளே இறங்காமல் அது தடுக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போய்விடாமல் காக்கிறது. தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. மனிதத் தோலைவிட மெலிந்த நாயின் மேல்தோலில், செல்களும் அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்பும் சேர்ந்தே பாதுகாப்பைத் தருகின்றன. ஓட்டுக் கூரையில் ஓடும் சாந்தும் சேர்ந்து மழையை நிறுத்துவதைப் போல. சாந்து கரைந்துபோனால் ஓடு இருந்தும் பயனில்லை.

சோப்பும் ஷாம்புவும் செய்வது கொழுப்பைக் கரைப்பதுதான். அழுக்கு அந்தக் கொழுப்பில்தான் ஒட்டியிருக்கிறது என்பதால் இரண்டும் சேர்ந்தே போகின்றன. ஆரோக்கியமான நாய் இழந்த கொழுப்பை மறுபடி சுரந்து நிரப்பிக்கொள்ளும். அதற்கு அவகாசம் வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் நாயின் மேல்தோல் அடியிலிருந்து முளைத்து மேலே வந்து உதிர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. இந்தக் கதியை மதிக்காமல் ஏழு நாளுக்கு ஒருமுறை சோப்பு போட்டால் தோல் வறளும், வறண்ட தோல் அரிக்கும், அரித்தால் நாய் சொறியும், கடிக்கும், நக்கும், செதில் உதிரும். செதிலைப் பார்த்த வீட்டார் ‘அழுக்கு சேர்ந்துவிட்டது’ என்று மறுபடியும் குளிப்பாட்டுவார்கள். இதில் மனிதருக்கான சோப்பைப் பயன்படுத்தினால் கேடு இன்னும் கூடும். மனிதத் தோல் அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5 ஐ ஒட்டியது. நாயின் தோல் நடுநிலையான 7 ஐ ஒட்டியது. சாதாரணக் குளியல் சோப்புக் கட்டியோ 9, 10 என்று காரத்தன்மை மிக்கது. நம் தோலுக்கென்று செய்த ஷாம்பு நாய்க்குப் பொருந்தாது; சோப்புக் கட்டி இருவருக்குமே கடுமையானது; துணி துவைக்கும் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் நாயின் அருகிலேயே வரக் கூடாதவை.

இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு இனங்களைப் பார்ப்போம். நம் மண்ணின் நாய்கள் பெரும்பாலும் குட்டை ரோமம் கொண்டவை. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், தென் மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும், தேனிப் பக்கத்துக் கோம்பை, தெருவில் பிறந்து வீட்டுக்கு வந்த நாட்டு நாய் என எல்லாவற்றுக்கும் ரோமம் உடலோடு படிந்தே இருக்கும். புழுதியில் புரண்டாலும், காய்ந்த பிறகு உடலை ஒருமுறை உதறினால் பாதி போய்விடும். ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்தால் மீதியும் போய்விடும். இத்தகைய நாய்க்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு குளியல் போதும். நடுவில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் சரி. ராஜபாளையம் வெள்ளை என்பதால் அழுக்கு கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் அதற்கு அடிக்கடி குளியல் நடக்கிறது. கண்ணுக்குத் தெரிவதும் தோலுக்குத் தேவைப்படுவதும் வேறு வேறு. வேட்டைக்காகக் காட்டிலும் கரட்டிலும் ஓடி உருவான இனங்கள் இவை. ஷாம்பு இல்லாத காலத்திலேயே தங்கள் ரோமத்தின் மினுமினுப்பைக் காப்பாற்றிக்கொண்டவை. டாபர்மேன், பாக்சர் போன்ற குட்டை ரோம வெளிநாட்டு இனங்களுக்கும் ஏறத்தாழ இதே கணக்குப் பொருந்தும்.

அடுத்தது இரட்டை ரோமம் கொண்டவை. மேலே நீண்ட, சற்று முரடான ரோமம். அடியில் பஞ்சு போன்ற அடர்ந்த ரோமம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், சைபீரியன் ஹஸ்கி, நம் வீடுகளில் பொமரேனியன் என்றே அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் எல்லாம் இந்த வகை. லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களோடு குளிர்ந்த நீரில் வேலை செய்த நாய்கள். நீர் தோலைத் தொடாமல் வழிந்தோட வேண்டும் என்பதற்காகவே அதன் ரோமம் எண்ணெய்ப் பசையோடு அமைந்திருக்கிறது. அந்தப் பசையை வாரந்தோறும் கரைத்தெடுப்பது அதன் உடலமைப்போடு சண்டை போடுவதாகும். இந்த வகை நாய்களுக்கு ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை இடைவெளி விடலாம். ஆனால், வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை சீப்பாலும் பிரஷ்ஷாலும் வாரிவிடுவதைக் கைவிடவே கூடாது. ரோமம் கொட்டும் பருவத்தில் தினமும் வார வேண்டும். உதிர்ந்த அடிரோமம் உள்ளேயே சிக்கிக்கிடந்தால் காற்றோட்டம் நின்று தோல் புழுங்கும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்து மொட்டையடிப்பதும் தவறு. மேல் ரோமம்தான் வெயிலையும் பூச்சிக்கடியையும் தடுக்கிறது, மொட்டையடித்தபின் அது பழையபடி வளராமலும் போகலாம்.

மூன்றாவது வகை, மனிதத் தலைமுடியைப் போல வளர்ந்துகொண்டே போகும் ரோமம் உள்ளவை. ஷிட்சூ, லாசா ஆப்சோ, மால்டீஸ், பூடில் ஆகியவற்றின் ரோமம் அதிகம் உதிர்வதில்லை. நீண்டு, சிக்குப் பிடித்து, தரையிலிருக்கும் தூசியையும் உணவுத் துணுக்குகளையும் சிறுநீர்த் துளிகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இவற்றுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் தேவைதான். ரோமத்தை நீளமாக விட்டிருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒன்றுகூட வேண்டியிருக்கும். ஆனால், இங்கேயும் சீப்புதான் முதலில் வர வேண்டும். சிக்கை எடுக்காமல் நனைத்தால் அது இறுகி முடிச்சாகிவிடும். அந்த முடிச்சுக்குள் ஈரம் தங்கித் தோல் வேகும். தினமும் ஐந்து நிமிடம் வாருவதற்கு நேரம் இல்லை என்றால் ரோமத்தைக் குட்டையாக வெட்டி வைத்துக்கொள்வதே நாய்க்குச் செய்யும் நன்மை. அழகுக்காக நீளமாக விட்டுவிட்டு, வாராமல், வாரம் தவறாமல் நனைத்தெடுப்பதைவிடக் கெடுதலான பராமரிப்பு இந்த வகைக்கு இல்லை.

என் வாதம் ‘குளியலைக் குறையுங்கள்’ என்ற ஒற்றை வரியல்ல என்பதற்குச் சில இனங்களே சாட்சி. காக்கர் ஸ்பேனியலும் பாசெட் ஹவுண்டும் இயல்பாகவே எண்ணெய் மிகுந்த தோல் கொண்டவை. செபோரியா எனும் தோல் கோளாறு உள்ள காக்கர் ஸ்பேனியலில், மூன்று வாரம் ஆக வேண்டிய மேல்தோல் புதுப்பிப்பு ஏறக்குறைய எட்டே நாளில் நடந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதிராத செல்கள் பிசுபிசுப்பான செதிலாகக் குவிகின்றன. அந்த நாய்க்கு வாரம் ஒன்றோ இரண்டோ மருந்துக் குளியல் தேவைப்படும்; மூன்று மாதம் தள்ளிப்போட்டால் அது கொடுமை. பக், புல்டாக் போன்றவற்றுக்கு உடல் முழுக்கக் குளியல் மாதத்துக்கு ஒன்று போதும். ஆனால், முகத்து மடிப்புகளையும் வால் அடியையும் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் துடைத்து உலர்த்த வேண்டும். கண்ணீரும் எச்சிலும் தேங்கும் அந்த மடிப்புகளில்தான் பூஞ்சை பெருகுகிறது. மெக்சிகோவின் ஷோலோ போன்ற ரோமமே இல்லாத நாய்களில் எண்ணெயை உறிஞ்சிப் பரப்ப ரோமம் இல்லாததால் அது தோலிலேயே தேங்குகிறது. அவற்றுக்கு வாரக் குளியல் பொருத்தம். ஆக, ரோமம் இல்லாத நாய்க்கு வாரம் ஒன்று, குட்டை ரோம நாய்க்குப் பருவத்துக்கு ஒன்று. இவ்வளவு அகலமான வேறுபாட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படி அடைப்பது?

இங்கே ஒரு மறுப்பு எழும். அடிக்கடி குளிப்பாட்டுவது கெடுதல் என்றால், தோல் நோய் வந்த நாய்க்கு வாரம் இரண்டு, மூன்று முறை குளிப்பாட்டச் சொல்லிக் கால்நடை மருத்துவர்களே எழுதித் தருவது ஏன்? நியாயமான கேள்வி. அந்தக் குளியல் சுத்தத்துக்கானதல்ல, மருந்து. ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவால் தோலில் சீழ்க் கொப்புளங்கள் வரும்போது, குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு அந்தக் கிருமியை நேரடியாகத் தாக்குகிறது. 2015 இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், மேலோட்டமான தோல் தொற்று உள்ள நாய்களுக்கு நான்கு சதவீதக் குளோர்ஹெக்சிடின் ஷாம்புவும் திரவமும், வாய்வழி கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்துக்கு இணையாகப் பலன் தந்தன. ஆன்டிபயாடிக்குகளுக்குக் கிருமிகள் பழகிப்போய்வரும் காலத்தில் இது பெரிய செய்தி. ஆனால், அந்த ஷாம்பு தோலில் பத்து நிமிடமாவது ஊற வேண்டும், எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை முறை என்பதை நோயைப் பார்த்து மருத்துவர் வகுப்பார், குணமானதும் குறைப்பார். காய்ச்சலுக்கு மாத்திரை நல்லது என்பதால் காய்ச்சல் இல்லாதவர் தினமும் மாத்திரை விழுங்குவதில்லை. தோலின் நிலையே குளியலின் எண்ணிக்கையை முடிவு செய்கிறது என்பதற்கு மருத்துவரின் சீட்டே சான்று.

‘அதெல்லாம் சரி, நாற்றத்தை என்ன செய்வது?’ என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்குள் நாயோடு வாழ்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. நாய்க்கென்று ஒரு மணம் உண்டு. நனைந்தால் அது கூடும்; ரோமத்தில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள்கள் ஈரம் ஆவியாகும்போது காற்றில் ஏறுவதே காரணம். ஆனால், ஆரோக்கியமான நாய் நன்கு உலர்ந்திருக்கும்போது மூக்கைப் பொத்தவைக்கும் அளவுக்கு நாறாது. குளித்து மூன்று, நான்கு நாளில் கடும் நாற்றம் திரும்பினால், அது அழுக்கின் நாற்றமாக இருப்பது அரிது. காதுக்குள் பூஞ்சைத் தொற்று இருக்கலாம். பல்லில் காரை படிந்து ஈறு அழுகியிருக்கலாம். ஆசனவாய்ச் சுரப்பிகள் நிரம்பியிருக்கலாம். தோல் மடிப்பில் மலசீசியா பூஞ்சை பெருகியிருக்கலாம். இவற்றில் எதையும் வாசனை ஷாம்பு தீர்க்காது. நோயின் அறிகுறியைச் சில நாள் மறைத்துவைக்கும், அவ்வளவே. மறைத்த நாளெல்லாம் நோய் வளரும் நாள். நாற்றம் விடாமல் திரும்பினால் குளியல் தொட்டியை விட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாம் தேர்ந்தெடுக்கும் ரோஜா, எலுமிச்சை மணங்கள், மோப்பத்தால் உலகை அறியும் ஓர் உயிருக்கு எவ்வளவு தொல்லையாக இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளும் ஆஸ்துமா நோயாளிகளும் உள்ள வீடுகள் எழுப்பும் மறுப்பு இதைவிட வலுவானது. நாயின் செதிலிலும் எச்சிலிலும் உள்ள புரதங்கள் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. நாயைக் கழுவினால் அவை குறையும் என்பதும் உண்மை. ஆனால், 1999 இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த உண்மையின் மறுபாதியையும் காட்டியது: கழுவியபின் குறைந்த ஒவ்வாமைப் புரதம் சுமார் மூன்று நாளில் பழைய அளவை நோக்கித் திரும்பிவிட்டது, குறைவாகவே வைத்திருக்க வேண்டுமானால் வாரம் இருமுறை கழுவ வேண்டும். வாரம் ஒருமுறைக் குளியல் நாயின் தோலையும் வறளவைக்கிறது, ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் வாரத்தில் பாதி நாள்தான் பயன்படுகிறது. அப்படிப்பட்ட வீடுகளில் நாயைப் படுக்கையறைக்குள் விடாதிருப்பது, அதன் விரிப்பை வெந்நீரில் துவைப்பது, தரையை ஈரத்துணியால் துடைப்பது, வாருவதை வாசலில் வைத்துக்கொள்வது ஆகியவற்றோடு, மருத்துவரைக் கேட்டு மென்மையான ஷாம்புவால் அடிக்கடி குளிப்பாட்டும் முறையை வகுத்துக்கொள்ளலாம். அங்கே தேவை உண்மையானது. அதனால் எண்ணிக்கை கூடுவதும் நியாயமானது. ஒவ்வாமை யாருக்கும் இல்லாத வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. நடைக்குப் போய்வந்த நாயின் பாதத்தை மட்டும் தண்ணீரில் கழுவித் துடைப்பது எந்த வீட்டுக்கும் நல்லது. அதற்கு முழுக் குளியல் வேண்டாம்.

உண்ணிதான் நம் ஊரில் வாரக் குளியலுக்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணம். பழுப்பு நாய் உண்ணி, எர்லிக்கியா, பபீசியா போன்ற கிருமிகளைப் பரப்பி, உயிரைக் குடிக்கும் உண்ணிக் காய்ச்சலைத் தருகிறது, பயம் நியாயமானதே. ஆனால், சாதாரணக் குளியல் உண்ணியை ஒழிக்காது. வாயை ஆழமாகப் பதித்து ஒட்டிக்கொள்ளும் உண்ணி, தண்ணீருக்கும் நுரைக்கும் விழுந்துவிடாது. மேலும், இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் இடுக்கிலும் கதவுச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயை எத்தனை முறை கழுவினாலும் அந்த இடுக்கு கழுவப்படுவதில்லை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிடரியில் ஊற்றும் உண்ணி மருந்துகள் பல, தோலின் எண்ணெயோடு கலந்துதான் உடல் முழுக்கப் பரவுகின்றன. ஃபிப்ரோனில் போன்றவை எண்ணெய்ச் சுரப்பிகளில் தேங்கி, சிறிது சிறிதாக வெளிவந்து ஒரு மாதம் காக்கின்றன. அதனால்தான் அவற்றை ஊற்றுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை வருகிறது. வாரந்தோறும் ஷாம்பு போடும் வீட்டில் அந்த மருந்தின் ஆயுள் குறைகிறது. உண்ணிக்குப் பயந்து செய்யும் குளியலே உண்ணிக்கு வழி திறந்துவிடுகிறது. அடிக்கடி குளிப்பாட்டியே ஆக வேண்டிய நாய் என்றால், குளியலால் பாதிக்கப்படாத மாத்திரை வகைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

‘இது சென்னை வெயில், தண்ணீர் ஊற்றினால்தானே நாய்க்குச் சூடு தணியும்?’ என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. வெப்பத்தால் மயங்கும் நாயைத் தண்ணீரால் நனைத்துக் காற்றுப்படவைப்பது உயிர்காக்கும் முதலுதவி. கோடை மதியத்தில் வயிற்றையும் பாதத்தையும் நனைத்துவிடுவதும் இதம். இதற்கெல்லாம் வெறும் தண்ணீர் போதும், நுரை தேவையில்லை. ஆனால், அடர்ந்த ரோமத்தை முழுக்க நனைத்து அரைகுறையாக உலரவிடுவது, புழுக்கமான நம் கடற்கரை நகரங்களில் தோல் நோய்க்கு நேர்வழி. கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றில் ஒரே நாளில் கையகல ஈரப்புண் தோன்றுவது இப்படித்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். மழைக்காலத்தில் குளியலைத் தள்ளிப்போட்டுத் துடைப்பையும் வாருவதையும் கூட்டுவதே அறிவு. குளிர்நாட்டு ரோமத்தோடு பிறந்த ஹஸ்கியையும் செயின்ட் பெர்னார்டையும் இந்த வெப்பத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தத் தவறைக் குளியலால் ஈடுகட்ட முடியாது. தமிழக அரசு 2024 இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இத்தகைய இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று கூறியது. கடலில் விளையாடிவிட்டு வந்த நாய்க்கு உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசிவிடுவது அவசியம். அங்கேயும் ஷாம்பு கட்டாயமில்லை.

‘இப்போது வரும் ஷாம்புகள் மென்மையானவை, வாரம் ஒருமுறை போட்டால் என்ன கெட்டுவிடும்?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. நாய்க்கென்று செய்த நல்ல ஷாம்பு தரும் பாதிப்பு, சோப்புக் கட்டி தருவதைவிட மிகக் குறைவு என்பதை ஏற்கிறேன். நல்ல தோல் கொண்ட ஒரு நாய் அதைத் தாங்கிக்கொள்ளவும் கூடும். ஆனால், தாங்கிக்கொள்வது வேறு, தேவைப்படுவது வேறு. மேலும், குளியல் என்பது ஷாம்பு மட்டுமல்ல. ஒவ்வொரு குளியலிலும் நுரை முழுதாகப் போகாமல் தங்கவும், காதில் தண்ணீர் இறங்கவும், அடிரோமம் ஈரமாகவே நிற்கவும் வாய்ப்புண்டு. நாயின் காதுக்குழாய் கீழிறங்கிப் பின் உள்நோக்கித் திரும்புவது. லாப்ரடார், காக்கர் போலத் தொங்கும் காது என்றால், இறங்கிய தண்ணீர் எளிதில் வெளியேறாது. குளித்த ஓரிரு நாளில் முதுகில் வலி மிகுந்த கொப்புளங்களும் காய்ச்சலும் வரும் ஒரு தோல் தொற்றைத் தோல் மருத்துவம் நன்கறியும். சூடோமோனாஸ் பாக்டீரியா ஏறிய ஷாம்புவை, ரோமம் படிந்த திசைக்கு எதிராக அழுத்தித் தேய்க்கும்போது கிருமி ரோமக்கால்களுக்குள் தள்ளப்படுகிறது. தண்ணீர் கலந்து நாள்கணக்கில் வைத்த ஷாம்பு பாட்டில்தான் அந்தக் கிருமியின் வழக்கமான இருப்பிடம். மீந்துபோன கலவையைக் கொட்டிவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு வீடும் க்ரூமிங் நிலையமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குளிப்பாட்டும் நாளில் அவசரம் கூடாது: முதலில் சிக்கெடுத்து வார வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீர் போதும், தேய்த்த நேரத்தைவிட அலசும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும், துண்டால் ஒற்றி, சூடு குறைந்த காற்றில் அடிரோமம் வரை உலர்த்த வேண்டும். பிறந்து சில வாரமே ஆன குட்டி தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாதது. அதைக் குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

சொறி பிடித்த நாய்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளியல் குறித்த தவறான எண்ணம் மிகவும் வதைப்பது அவற்றைத்தான். ரோமம் கொட்டி, தோல் தடித்து, ஓயாமல் சொறியும் தெருநாயைப் பார்த்ததும் ‘குளிக்காததால் வந்தது’ என்று முடிவு கட்டுகிறோம். பெரும்பாலும் அது சார்காப்டிஸ், டெமோடெக்ஸ் போன்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களால் வரும் நோய். அதே தெருவில், யாருமே குளிப்பாட்டாத மற்ற நாய்கள் பளபளப்பான ரோமத்தோடு திரிவதைக் கவனித்தாலே குளியலின்மை காரணமல்ல என்பது புரியும். சோப்பு போட்டுத் தேய்ப்பதால் இந்தச் சிற்றுயிர்கள் சாகா. புண்பட்ட தோல் இன்னும் எரியும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும், கிருமிநாசினியைக் கணக்கில்லாமல் ஊற்றுவதும் இன்னும் நடக்கின்றன. நாய் தன் உடலை நக்கும். பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். கால்நடை மருத்துவர் தரும் மாத்திரையோ ஊசியோ இந்த நோயைத் தீர்க்கும். இரக்கப்பட்டு உதவ வருபவர்களின் கையில் சரியான மருந்து இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் தொகுத்தால் கிடைக்கும் நெறி எளியது. வாருவது வழக்கமாக இருக்கட்டும். துடைப்பது தேவைக்கேற்ப நடக்கட்டும். ஷாம்புக் குளியல் ரோமத்தின் வகையையும் தோலின் நிலையையும் பார்த்து முடிவாகட்டும். குட்டை ரோமத்துக்கு இரண்டு, மூன்று மாதம். இரட்டை ரோமத்துக்கு ஒன்றரை முதல் மூன்று மாதம். வளரும் ரோமத்துக்கு மூன்று, நான்கு வாரம். எண்ணெய்த் தோலுக்கும் நோயுற்ற தோலுக்கும் மருத்துவர் சொல்லும் நாள். சேற்றில் விழுந்தால், சாக்கடையில் இறங்கினால் அன்றே குளிப்பாட்டலாம். அது எந்த நெறிக்கும் விலக்கல்ல, தேவைதான் அங்கே பேசுகிறது. இந்த இடைவெளிகள் தொடக்கப் புள்ளிகள். தோல் வறண்டால் கூட்டவும், பிசுபிசுத்தால் குறைக்கவும் வேண்டும். அப்படிக் கவனிக்கத் தெரிந்த வளர்ப்பாளருக்குக் கிழமை தேவைப்படாது.

இதை வளர்ப்பவரின் தலையில் மட்டும் சுமத்துவதும் நியாயமல்ல. வார, மாதத் தொகுப்புகளாகக் குளியலை விற்கும் க்ரூமிங் நிலையங்கள், முதல் முறை வரும் நாயின் தோலைப் பார்த்துத்தான் தொகுப்பைப் பரிந்துரைக்க வேண்டும். கொப்புளமோ செதிலோ தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஷாம்பு தயாரிப்பாளர்கள் எந்த ரோமத்துக்கு, எத்தனை நாள் இடைவெளியில், எவ்வளவு நேரம் என்பதைத் தமிழிலும் அச்சிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெறிநோய்த் தடுப்பூசிக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாயும் கால்நடை மருத்துவரைச் சந்திக்கிறது அல்லது சந்திக்க வேண்டும். அரசு மருந்தகமானாலும் தனியார் கிளினிக்கானாலும், அன்றைக்குத் தரும் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கலாம்: இந்த நாயின் ரோமம் எந்த வகை, தோல் இன்று எப்படி இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை முறை வார வேண்டும், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்ட வேண்டும். நான்கே வரி. தோலைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் கையால் எழுதிய அந்த நான்கு வரி இருந்தால், எந்த வீடும் இந்த முடிவை ஞாயிற்றுக்கிழமையிடம் ஒப்படைக்க வேண்டியிருக்காது. அதற்குப் பெரிய செலவும் இல்லை, புதிய சட்டமும் தேவையில்லை. அடுத்த தடுப்பூசி நாளில் நாமே கேட்டுத் தொடங்கிவைக்கலாம்.